கதவைத் தட்ட யாரும் வரமாட்டார்கள்: ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் குடியாத்தம் தம்பிக்கு

கேள்வி இதுதான்: "அக்கா, நான் குடியாத்தம். அக்டோபரில் ஜெர்மனியில் எம்.எஸ். சேர்கிறேன். சீட், விசா, பணம் பற்றியெல்லாம் கன்சல்டன்சியில் விளக்கமாகச் சொன்னார்கள். அங்கே போன பிறகு ஒரு சாதாரண நாள் எப்படிப் போகும் என்று கேட்டால் மட்டும் 'சூப்பரா இருக்கும் தம்பி' என்று முடித்துவிடுகிறார்கள். பார்ட் டைம் வேலையில் செலவைச் சமாளிக்க முடியுமா? அம்மா ரொம்பப் பயப்படுகிறார். அவரிடம் என்ன சொல்வது?"

அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், அதனால் நானும் நீ என்றே எழுதுகிறேன். நான் காட்பாடி. அம்மா பிறந்த ஊர் குடியாத்தம்தான். 2018 அக்டோபரில் டோர்ட்முண்ட் நகரத்துக்குப் படிக்கப் போனேன். படிப்பு முடிந்து கொஞ்ச காலம் அங்கேயே வேலை பார்த்துவிட்டு இப்போது ஊரோடு இருக்கிறேன். நான் சொல்லப்போவது மேற்கு ஜெர்மனியில் வாடகை நடுத்தரமாக இருக்கும் ஒரு ஊரின் கதை. மியூனிக்கில் இருப்பவரைக் கேட்டால் வாடகை பற்றியே அரை மணி நேரம் புலம்புவார்.

ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்வதற்கு முன்னால் எங்கள் வீட்டு மாடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1984-ல் வேலூர் இன்ஜினியரிங் காலேஜ் என்று ஆரம்பித்த கல்லூரி வி.ஐ.டி.யாக வளர வளர, காட்பாடியில் மாடி எடுத்துக் கட்டியவர்கள் எல்லாரும் ஹவுஸ் ஓனர் ஆனார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். மாடி போர்ஷனில் எப்போதும் வெளியூர்ப் பிள்ளைகள்: ஒரு வருஷம் பீகார், ஒரு வருஷம் அசாம், அப்புறம் மணிப்பூர். அம்மாவுக்கு இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் மாடியில் இரண்டு நாள் லைட் எரியவில்லை என்றால் போதும், படியேறிப் போய்க் கதவைத் தட்டுவார். "இன்னாப்பா, ஒடம்பு சரியில்லியா?" என்று தமிழிலேயே கேட்பார். கூடவே ஒரு தூக்கில் ரசம் சாதம். அந்தப் பையன்கள் முதலில் மிரளுவார்கள், பிறகு பழகிக்கொள்வார்கள். உலகத்தில் எல்லா ஊரிலும் வீட்டைவிட்டு வந்து படிக்கிற பிள்ளைகளுக்கு இப்படி யாராவது ஒருவர் இருப்பார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

டோர்ட்முண்ட் போன இரண்டாவது மாதம் எனக்குக் காய்ச்சல். எங்கள் ஹாஸ்டலில் ஒரு தளத்தில் பதினான்கு அறைகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு சமையலறை. மூன்று நாள் நான் அறையைவிட்டு வெளியே வரவில்லை. ஒருவர்கூடக் கதவைத் தட்டவில்லை. நாலாவது நாள் தண்ணீர் பிடிக்கப் போனபோது எதிர் அறைப் பெண் என் முகத்தைப் பார்த்துப் பதறிவிட்டாள். "சொல்லியிருக்கலாமே! கதவு மூடியிருந்தது, தொந்தரவு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்" என்றாள். அன்று சாயங்காலம் இஞ்சி, எலுமிச்சை, மாத்திரை எல்லாம் என் வாசலில் இருந்தன. அவள் கல்நெஞ்சக்காரி இல்லை. மூடிய கதவைத் தட்டாமல் இருப்பது அங்கே மரியாதை. என் அம்மாவின் அகராதியில் அது அக்கறையின்மை. இந்த ஒரு வித்தியாசம் வீடு, வகுப்பு, ஆபீஸ் எல்லா இடத்திலும் வேறு வேறு முகத்தில் வரும். அங்கே யாரும் உன்னிடம் வந்து கேட்கமாட்டார்கள். நீ போய்க் கேட்டால் பெரும்பாலும் செய்து கொடுப்பார்கள்.

சரி, ஒரு நாள். நவம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை என்று வைத்துக்கொள். ஏழு மணிக்கு அலாரம் அடிக்கும்போது வெளியே நள்ளிரவு போல இருக்கும். எழுந்தவுடன் ஜன்னலை முழுசாகத் திறந்து ஐந்து நிமிடம் விட வேண்டும். வெளியே மூன்று டிகிரி குளிர் அடித்தாலும் திறந்துதான் ஆக வேண்டும். ஹீட்டர் போட்டு மூடியே வைத்த அறையில், நம் மூச்சுக் காற்றும் குக்கர் ஆவியும் சுவரில் ஈரமாகப் படிந்து பூஞ்சை பிடித்துவிடும். காலி செய்யும்போது அந்தச் சுவருக்கான செலவை அட்வான்ஸில் கழித்துக்கொள்வார்கள். ஒப்பந்தத்திலேயே இதை எழுதிவைக்கிற வீட்டுக்காரர்கள் உண்டு. வேலூர் வெயிலில் ஜன்னலைச் சாத்தி வைத்து வளர்ந்த எனக்கு, பனியில் ஜன்னலைத் திறந்துவை என்றால் பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது.

எட்டு மணி வாக்கில்தான் விடியும். டிரெயினில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. எங்கள் வளாகத்துக்குள் தலைக்கு மேல் தண்டவாளத்தில் தொங்கிக்கொண்டு ஓடும் ஒரு ரயில் உண்டு, ஓட்டுநரே கிடையாது. அதுவும் 1984-ல் ஓட ஆரம்பித்ததுதான் என்று தெரிந்ததும் காட்பாடிக்காரி என்ற முறையில் ஒரு சந்தோஷம். முதல் நாள் பத்து மணி வகுப்புக்கு ஒன்பதே முக்காலுக்குப் போய் உட்கார்ந்தேன். பத்து ஆயிற்று, ஈ காக்கை இல்லை. அறை தவறிவிட்டதோ என்று வெளியே வந்து பார்த்தேன். பத்தே காலுக்குத்தான் பேராசிரியர் வந்தார். அட்டவணையில் நேரத்துக்குப் பக்கத்தில் 'சி.டி.' என்று போட்டிருந்தால் கால் மணி நேரம் கழித்து என்று அர்த்தமாம், லத்தீனிலிருந்து வந்த பழைய வழக்கம். 'எஸ்.டி.' என்றிருந்தால் சரியான நேரம். இதையும் யாரும் வந்து சொல்லவில்லை, பக்கத்து இருக்கைக்காரனைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

படிப்பு முறையில்தான் நம் பிள்ளைகள் அதிகமாக அடிபடுகிறார்கள். பெரும்பாலான வகுப்புகளுக்கு அட்டெண்டன்ஸ் கிடையாது. இன்டர்னல் மார்க், சைக்கிள் டெஸ்ட், ரெக்கார்டு நோட்டு ஒன்றும் கிடையாது. நம் ஊரில் 75 சதவீதம் இல்லையென்றால் வீட்டுக்குப் போன் வரும். அங்கே நீ நான்கு மாதம் வராவிட்டாலும் யாருக்கும் தெரியாது. அக்டோபர் நடுவில் ஆரம்பித்துப் பிப்ரவரியில் வகுப்பு முடியும், அப்புறம் ஒரே ஒரு பரீட்சை. அதுதான் முழு மதிப்பெண். பரீட்சைக்குத் தனியாக ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும், அதற்குக் கடைசித் தேதி உண்டு. பாடத்தில் சேர்ந்துவிட்டோமே, ஹால் டிக்கெட் தானாக வந்துவிடும் என்று நான் சும்மா இருந்தேன். பரீட்சை அன்று பட்டியலில் என் பெயர் இல்லை. ராத்திரி முழுக்கப் படித்துவிட்டுப் போனவள், பேனாவும் கால்குலேட்டருமாகத் திரும்பி வந்தேன். பதிவு செய்யச் சொல்லி முதல் வாரத்திலேயே மெயில் வந்திருந்தது, ஜெர்மனில் இருக்கிறதே என்று திறக்காமல் விட்டது நான்தான். அந்தப் பாடத்தால் எனக்கு ஆறு மாதம் தள்ளிப்போனது.

இன்னொன்று, பல இடங்களில் ஒரு பரீட்சைக்கு மூன்று வாய்ப்புதான். மூன்றாவதும் போனால் அந்தப் படிப்பிலிருந்தே நீக்கிவிடுவார்கள், அதே படிப்பை ஜெர்மனியில் வேறெங்கும் தொடர்வதும் கடினம். நம் ஊர் அரியர் மாதிரி எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம் என்று நினைத்துவிடாதே. மதிப்பெண்ணும் தலைகீழ்: 1.0 என்றால் உச்சம், 4.0 என்றால் ஜஸ்ட் பாஸ், 5.0 என்றால் ஃபெயில். நான் 1.7 வாங்கினேன் என்று சந்தோஷமாகச் சொன்னதும் அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பரவால்லம்மா, அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்றார்.

பேராசிரியர்களைச் சந்திக்க வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருப்பார்கள். முதல் செமஸ்டரில் நான் ஒரு தடவைகூடப் போகவில்லை. சந்தேகம் கேட்டால் மக்கு என்று நினைப்பாரே என்ற நம் ஊர்ப் பயம். இரண்டாவது செமஸ்டரில் ஒரு நாள் தைரியமாகப் போனேன். மனிதர் நாற்காலியை இழுத்துப் போட்டு நாற்பது நிமிடம் சொல்லிக் கொடுத்தார். பெயர் சொல்லிக் கூப்பிடாதே, 'சார்' என்றும் அழைக்காதே. 'ப்ரொஃபசர்' என்று குடும்பப் பெயரோடு சேர்த்து எழுது. பதில் இரண்டு வரியில்தான் வரும். அது கோபம் இல்லை.

மத்தியானம் மென்சா. அதுதான் அங்கே மாணவர் மெஸ்ஸுக்குப் பெயர். மூன்று நான்கு யூரோவில் தட்டு நிறையச் சாப்பிடலாம், சைவத்துக்குத் தனி வரிசை இருக்கும். எதில் பன்றி, எதில் மாடு என்று குறிகளோடு எழுதியிருப்பார்கள். உருளைக்கிழங்கை அவர்கள் எத்தனை விதமாக வேக வைக்கிறார்கள் என்று ஒரு மாதத்தில் உனக்குப் பாடமாகிவிடும். ராத்திரிச் சமையல் நம் கையில். அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் கிடைக்கும், இங்கிருந்து பத்து கிலோ பொன்னி தூக்கிக்கொண்டு போகாதே. அந்தப் பக்கத்தில் ஈழத் தமிழர் கடைகள் நிறைய உண்டு. முதல் தடவை போனபோது கல்லாவில் இருந்த ஐயா, "பிள்ளை, எந்த இடம் நீங்கள்?" என்று கேட்டார். வேலூர் என்றேன். "சி.எம்.சி. ஆஸ்பத்திரி இருக்கிற வேலூரோ?" என்றவர் அன்றைக்குக் கறிவேப்பிலையைக் கொசுறாகப் போட்டார். அந்த ஊரில் அது சின்ன விஷயமில்லை. நாலு இணுக்குக் கறிவேப்பிலைக்குக் காசு கொடுக்கும்போதுதான் சத்துவாச்சாரி காய்கறிக்காரம்மாவின் அருமை தெரியும்.

கத்திரிக்காயில்தான் நான் தோற்றேன். அங்கே கிடைப்பது முழங்கை நீளத்துக்குப் பஞ்சு போல ஒன்று. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயை வைத்துச் செய்த தொக்கைச் சாப்பிட்ட நாக்குக்கு அது ஏறவே இல்லை. ஆனாலும் அதை வைத்துத்தான் ஒரு காரியம் சாதித்தேன். காய்ச்சலுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமையலறைப் பலகையில் 'ஆம்பூர் பிரியாணி, கத்திரிக்காய்த் தொக்கு, மாலை ஆறு மணி, தட்டு கொண்டு வரவும்' என்று எழுதிவைத்தேன். சீரக சம்பா இல்லை, பாஸ்மதிதான். ஆம்பூர்க்காரர்கள் பார்த்தால் சண்டைக்கு வருவார்கள். பதினான்கு அறையில் பதினோரு பேர் வந்தார்கள். பக்கத்து அறையில் ஐந்து மாதம் இருந்தவனின் பெயரே அன்றுதான் எனக்குத் தெரியும். அதற்கப்புறம் என் கதவைத் தட்ட அவர்களுக்குக் கூச்சம் போய்விட்டது.

தாளிக்கும்போது ஜாக்கிரதை. அறையில் புகை உணரும் கருவி இருக்கும். எங்கள் தளத்துப் பையன் ஒருவன் காய்ந்த மிளகாயைக் கருக்கி, கட்டடம் முழுக்கச் சங்கு ஊதி, நாங்கள் எல்லாரும் கோட்டு மாட்டிக்கொண்டு மழையில் நின்றோம். தீயணைப்பு வண்டியே வந்துவிட்டது. சில இடங்களில் வீணாக வரவழைத்ததற்குப் பணமும் கேட்பார்கள்.

வீட்டு விதிகளை ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறேன். ராத்திரி பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஓய்வு நாள், சுவரில் ஆணி அடிக்கக்கூடக் கூடாது. ஞாயிறு சூப்பர் மார்க்கெட் எல்லாம் மூடியிருக்கும், பால் இல்லையென்றால் இல்லைதான். குப்பையில் காகிதம் தனி, பிளாஸ்டிக் பொட்டலம் தனி, காய்கறிக் கழிவு தனி, கண்ணாடி பாட்டிலை நிறம் பார்த்துத் தெருமுனைத் தொட்டியில் போட வேண்டும். தண்ணீர் பாட்டில், டின் வாங்கும்போது ஒன்றுக்கு 25 சென்ட் டெபாசிட் பிடிப்பார்கள், காலியைக் கடையில் இருக்கும் மெஷினில் போட்டால் சீட்டு வரும். மாதக் கடைசியில் மூட்டை பாட்டிலைக் கொண்டுபோய் அந்தக் காசில் வெங்காயம் தக்காளி வாங்காத இந்திய மாணவரை நான் பார்த்ததில்லை. குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம்.

தபாலைத்தான் நான் குறைவாக எடை போட்டேன். போனவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்வது. அன்மெல்டுங் என்பார்கள். வங்கிக் கணக்கு, வரி எண், வெளிநாட்டவர் அலுவலகத்தில் வாங்க வேண்டிய வசிப்பு அனுமதி எல்லாம் அந்தத் தாளைக் காட்டித்தான் நகரும். பல ஊர்களில் வசிப்பு அனுமதிக்கான அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகிறது. நீ இங்கிருந்து கொண்டுபோகும் விசா சில மாதங்களுக்குத்தான் செல்லும், அதனால் போன வாரமே விண்ணப்பத்தை அனுப்பிவிடு. பதில்கள் தபாலில் வரும். தபால் பெட்டியில் உன் பெயர் ஒட்டியிருந்தால்தான் தபால்காரர் போடுவார். அறை எண் எழுதினால் போதாது. எனக்கு முன்னால் இருந்தவரின் பெயரே பெட்டியில் இருந்ததைக் கவனிக்காமல் மூன்று வாரம் 'லெட்டரே வரலையே' என்று காத்திருந்தேன். வங்கி அட்டை, காப்பீட்டு அட்டை எல்லாம் வந்து வந்து திரும்பிப் போயிருந்தன. ஒரு துண்டுக் காகிதமும் செலோ டேப்பும் போதுமாக இருந்த வேலை.

இப்போது பணம். விசாவுக்காக ஒரு வருடச் செலவை முன்கூட்டியே போட்டுவைக்கும் வங்கிக் கணக்குதான் முடக்கக் கணக்கு (பிளாக்டு அக்கவுண்ட்). நான் போனபோது வருடத்துக்கு 8,640 யூரோ அதில் காட்ட வேண்டியிருந்தது, மாதம் 720 கைக்கு வரும். 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904 யூரோ, மாதம் 992. அன்றைக்கு யூரோ எண்பத்துச் சொச்சம் ரூபாய், இப்போது நூறைத் தாண்டிவிட்டது. அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் படிப்புக் கட்டணம் இல்லை, செமஸ்டருக்கு ஒரு சந்தாத் தொகை மட்டும். எனக்கு 300 யூரோவுக்குக் கிட்டத்தட்ட வந்தது, அதிலேயே அந்த மாநிலம் முழுக்கச் சுற்றும் டிரெயின் டிக்கெட்டும் அடக்கம். ஆனால் 'ஜெர்மனி என்றால் இலவசம்' என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பாதே. பாடன் வுர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்றவர்களுக்கு 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்கால செமஸ்டரில் கட்டணம் வைத்துவிட்டது.

மாதம் 992-இல் அறைக்கு 350 அல்லது 400 போகும். மருத்துவக் காப்பீட்டுக்கு 150-ஐ ஒட்டி ஒரு தொகை, அதைத் தவிர்க்கவே முடியாது. சாப்பாடு 200-க்குள் அடங்கும், வீட்டில் சமைத்தால். டிவி இருக்கிறதோ இல்லையோ, வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் என்று ஒரு கடிதம் வரும். மோசடி என்று நினைத்துக் கிழித்துப் போடாதே, அது உண்மையான கட்டணம்தான். ஒரே வீட்டைப் பகிர்ந்துகொள்பவர்கள் பிரித்துக் கட்டலாம். முதல் ஆறு மாதம் எதை வாங்கினாலும் மனசு ரூபாயில் பெருக்கும். ஒரு காபி முந்நூறு ரூபாயா என்று கடை வாசல் வரை போய்த் திரும்பியிருக்கிறேன். அப்புறம் பெருக்குவதை நிறுத்திவிட்டேன். கடன் தவணை நாளில் மட்டும் பழையபடி பெருக்கல் வந்துவிடும்.

பார்ட் டைம் வேலையில் சமாளிக்கலாமா என்று கேட்டாய். மாதச் செலவில் ஒரு பெரிய பங்கைச் சமாளிக்கலாம், கடனை அடைக்க முடியாது. முதல் நாலைந்து மாதத்துக்கு அந்த வருமானத்தைக் கணக்கிலேயே சேர்க்காதே. இப்போது வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்ய மாணவருக்கு அனுமதி. குறைந்தபட்சக் கூலி நான் போனபோது மணிக்கு 8.84 யூரோ, 2026 ஜனவரி முதல் 13.90. 'மினி ஜாப்' என்ற வகையில் மாதம் 603 யூரோ வரை சம்பாதிக்கலாம், பெரிய பிடித்தம் இல்லை. கணக்குப் போட்டால் மாதம் 43 மணி நேரம். வாரத்துக்குப் பத்து மணி நேரத்தைத் தாண்டினால் படிப்பு அடிவாங்கும் என்பது என் அனுபவம். சில பையன்கள் கிடங்கில் ராத்திரி ஷிப்டுக்குப் போய், காலை வகுப்பில் தூங்கி, இரண்டு வருடப் படிப்பை நாலு வருடமாக இழுத்ததைப் பார்த்திருக்கிறேன். மொத்தக் கணக்கில் அவர்களுக்கு நஷ்டம்தான்.

நான் ஒரு பேக்கரியில் சனி, ஞாயிறு காலையில் நின்றேன். ஞாயிறு சூப்பர் மார்க்கெட் மூடியிருந்தாலும் பேக்கரி சில மணி நேரம் திறக்கலாம், அதனால் அன்றைக்குத்தான் கூட்டம். ஜெர்மன் மொழியில் இருபத்தைந்தை 'ஐந்தும் இருபதும்' என்று திருப்பிச் சொல்வார்கள். ஒரு பெரியவருக்கு 2 யூரோ 85 என்று சொல்ல வேண்டியதை 2 யூரோ 58 என்று சொல்லிவிட்டேன். அவர் 2.60 வைத்துவிட்டு மீதி இரண்டு சென்டுக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறார், நான் இன்னும் 25 சென்டுக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறேன். பின்னால் வரிசை கதவு வரை. ஆனால் மொழி வகுப்பில் பி1 என்ற நடுத்தர நிலை வரை படித்ததைவிட அந்தக் கடையில் மூன்று மாதத்தில் கற்ற ஜெர்மன்தான் இன்றைக்கும் வாயில் நிற்கிறது. படிப்பு ஆங்கிலத்தில் என்பதால் மொழி வேண்டாம் என்று கன்சல்டன்சியில் சொல்லியிருப்பார்கள். வகுப்பறைக்குள் அது சரி. வாடகை ஒப்பந்தம், டாக்டர், படித்து முடித்தபின் 18 மாத அவகாசத்தில் தேடும் வேலை, எல்லாம் வகுப்பறைக்கு வெளியேதான் இருக்கின்றன. இரண்டாவது செமஸ்டரில் என் துறையிலேயே பேராசிரியருக்கு உதவியாளர் வேலை கிடைத்ததும் பேக்கரியை விட்டேன். அந்த வேலைக்கு விளம்பரமெல்லாம் வரவில்லை. முன்னே சொன்ன நாற்பது நிமிடச் சந்திப்பின் முடிவில் 'ஏதாவது வேலை இருக்கிறதா' என்று கேட்டேன், கிடைத்தது.

டாக்டர் விஷயத்தில் உன் அம்மா என்னைத் திட்டினாலும் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் என்று போனால் ஊசி போடமாட்டார்கள். 'மூன்று நாள் ஓய்வெடு, டீ குடி' என்பார்கள். வேலூர்க்காரர்களுக்கு இதை ஜீரணிக்கவே முடியாது. ஆஸ்பத்திரி ஊரில் பிறந்தவர்கள் ஆயிற்றே. அவசரம் என்றால் 112, கிளினிக் மூடிய நேரத்தில் டாக்டர் வேண்டுமென்றால் 116117. கண்ணாடிக்குக் காப்பீடு உதவாது, அதனால் இரண்டு கண்ணாடி இங்கேயே போட்டுக்கொள், பல்லையும் காட்டிவிட்டுப் போ. அடி தட்டையான சின்னக் குக்கர் ஒன்றும் அதற்கு உபரியாக ஒரு கேஸ்கெட்டும் பெட்டியில் வைத்துக்கொள். குளிர் கோட்டை அங்கே போய் வாங்கு. இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகத் தடை, பாட்டி எவ்வளவு சொன்னாலும் நெய் பாட்டிலைப் பெட்டியில் வைக்காதே.

டிசம்பரில் நாலரைக்கே இருட்டிவிடும். பனியைவிட அந்த இருட்டுதான் ஆளை அசத்தும். நம் ஊரில் கத்திரி வெயிலைத் திட்டித் திட்டி வளர்ந்தவர்கள் நாம். ஜனவரியில் ஒரு நாள் பதினைந்து நிமிடம் வெயில் வந்ததற்காக வகுப்பே எழுந்து புல்வெளிக்குப் போனதைப் பார்த்தபோது வேலூருக்கு மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அந்த மாதங்களில் வாரத்துக்கு ஒரு நாளாவது அறையைவிட்டு எங்காவது போய்விடு. நான் ஹம் என்ற ஊருக்குப் போவேன். டோர்ட்முண்டிலிருந்து டிரெயினில் அரை மணி நேரம்கூட இல்லை, அப்புறம் பஸ். அங்கே ஒரு தொழிற்பேட்டைக்கு நடுவில் ஈழத் தமிழர்கள் 2002-ல் கட்டி முடித்த காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது, கோபுரத்தோடு. கோடையில் தேர்த்திருவிழா நடக்கும், அம்மனைப் பக்கத்துக் கால்வாயில் தீர்த்தமாட்டுவார்கள். பாலாறு வறண்டே பார்த்துப் பழகிய எனக்குத் தண்ணீர் நிறைந்த கால்வாயில் தீர்த்தவாரி என்பதே அதிசயம். காவடியையும் தவிலையும் அங்கே பார்த்தபோது என்னை அறியாமல் அழுதேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் உங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு ஈடாக அங்கே எதுவும் கிடையாது. வைகாசி முதல் நாள் செமஸ்டருக்கு நடுவில்தான் வரும், லீவு கிடைக்காது. தரணம்பேட்டையில் சிரசு புறப்படும் நேரத்துக்கு அங்கே இன்னும் விடிந்திருக்காது. மாமா பையன் வீடியோ காலில் காட்ட, போர்வைக்குள் உட்கார்ந்து, சத்தத்தைக் குறைத்துவைத்துக்கொண்டு, தேங்காய் உடைபடுவதைப் பார்த்தேன். பத்து மணிக்கு வகுப்பு.

அம்மாவிடம் என்ன சொல்வது என்பதற்கு வருகிறேன். பயப்படாதீர்கள் என்று மட்டும் சொல்லாதே, அது ஒருவருக்கும் உதவியதில்லை. தங்கப்போகும் இடத்தின் முகவரி, ஹாஸ்டல் பொறுப்பாளரின் எண், அந்த ஊரில் இருக்கும் யாராவது ஒரு தமிழ் மாணவரின் எண், இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போ. என்ன சமைத்தாய் என்று தினமும் கேட்பார், உண்மையையே சொல். பிரெட் தின்ற நாளில் சாம்பார் என்று சொன்னால் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவார். பேசுவதற்கு ஒரு நேரம் வைத்துக்கொள். நாங்கள் இந்திய நேரம் இரவு ஒன்பது என்று வைத்திருந்தோம், அங்கே சாயங்காலம் ஐந்தரை.

அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கோடையில் நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் நாலரை. அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், மார்ச் கடைசி ஞாயிறு முன்னால். நீ போய் இறங்கி மூன்று வாரத்தில் அந்த அக்டோபர் ஞாயிறு வந்துவிடும். நான் அம்மாவிடம் இதைச் சொல்லிவைக்கவில்லை. அன்றைக்கு நான் வழக்கம்போல ஐந்தரை மணிக்கு நூலகத்திலிருந்து வெளியே வந்து போனை எடுத்தேன். காட்பாடியில் அப்போது மணி பத்து. போனில் பதினேழு மிஸ்டு கால். பதினெட்டாவதாக மாடி போர்ஷன் மணிப்பூர்ப் பையன் ஆங்கிலத்தில் ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தான்: "அக்கா, ஆன்ட்டி என் கதவைத் தட்டி, ஜெர்மன் போலீஸ் நம்பர் கேட்கிறார். கொடுக்கட்டுமா?"